பழைய வெள்ளியில் உள்ள முத்திரை: கொழும்பில் யாரிடம் காட்டுவது?

வீடு மாறும்போது, சொத்துப் பிரிக்கும்போது, பிள்ளைகள் வெளிநாடு புறப்படும்போது அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் வெளியே வரும். அதற்குள் தாத்தாவின் மணிக்கூட்டுச் சங்கிலி, கைத்தடியிலிருந்து கழன்ற வெள்ளிப் பூண், மூக்குப்பொடி டப்பி, அம்மம்மா சேலையில் குத்திய புரோச், ஒரு பெல்ட் பக்கிள். எல்லாம் கறுத்துப் போயிருக்கும். பின்பக்கத்தில் பொடிப்பொடியாக ஏதோ குத்தியிருக்கும். விற்பதா, பங்கிடுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்குமுன் அந்தக் குறிகள் என்ன சொல்கின்றன என்று தெரியவேண்டும். தெரியாமல் எடைக்குப் போட்டால் கிராம் கணக்கில் உருக்கு விலைதான் கிடைக்கும். உருக்கிய பிறகு அந்தப் பொருளை யாராலும் மீட்கமுடியாது.

கொழும்பில் இருப்பவருக்கு வழிகள் பல: நாமே லூப் (கண்ணருகே பிடித்துப் பார்க்கும் உருப்பெருக்கி) வைத்துப் படிப்பது, செட்டியார் தெருவில் காட்டுவது, ஆய்வுகூடத்தில் உலோகத்தைச் சோதிப்பது, நூதனசாலை, தொல்பொருள் திணைக்களம் பக்கம் கேட்பது, லண்டனில் உள்ள ஏல நிறுவனத்துக்குப் படமோ பொருளோ அனுப்புவது. இவை ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் வேறொரு கேள்விக்குத்தான் பதில் கிடைக்கிறது. கடையில் எடை, ஆய்வுகூடத்தில் தூய்மை, லண்டனில் சந்தை விலை. செய்தவர் யார் என்பதை முதலில் வீட்டு மேசையில் வைத்துத்தான் தேடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைச் செய்துவிட்டுப் போனால் மற்ற எல்லா இடத்திலும் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

நாமே படிப்பது

இதற்கு வேண்டியது பத்து மடங்கு பெருக்கும் லூப், பக்கவாட்டில் விழும் வெளிச்சம், கைத்தொலைபேசிக் கமரா. இரத்தினக்கல் வியாபாரம் நடக்கும் ஊர் என்பதால் கொழும்பில் லூப் வாங்குவது கஷ்டமில்லை.

ஒரு முக்கியமான விஷயம்: குறியைப் பார்க்குமுன் மினுக்கவேண்டாம். நம் வீடுகளில் வெள்ளி விளக்கையும் குங்குமச் சிமிழையும் விபூதி போட்டுத் தேய்ப்பது வழக்கம். வெள்ளி பளபளக்கும், உண்மைதான். ஆனால் அது நுண்ணிய அரம் போல வேலை செய்து ஒவ்வொரு முறையும் மேற்பரப்பில் கொஞ்சத்தை எடுத்துவிடும். நூறு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்த பொருளில் சிங்கம் வெறும் மேடாகவும் எழுத்து வெறும் கோடாகவும் மாறியிருக்கும். கறுப்பு படிந்திருந்தால் படிப்பதற்கு அதுவே உதவி. பள்ளத்தில் கறுப்பு நிற்கும், வடிவம் தெரியும். தேய்ந்த குறியை எடுக்க இன்னொரு வழி உண்டு. மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே ஒரு கணம் காட்டிக் கரி படியவிட்டு, அதன்மேல் செலோடேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத கோடுகளும் தெரியும். கல் பதித்தது, இனாமல் பூசியது, உள்ளே அரக்கு நிரப்பிய கைத்தடிப் பூண் ஆகியவற்றைச் சுடர் பக்கமே கொண்டுபோகக்கூடாது.

இனிப் படிக்கும் ஒழுங்கு. எல்லோருக்கும் முதலில் கண் போவது இரண்டு எழுத்துகளில். அது செய்தவரின் முத்திரை என்று தெரிந்ததும் இணையத்தில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கேதான் வழி தப்புகிறது. ஒரே முதலெழுத்துகளை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில் பல பட்டறைகள் பயன்படுத்தின. ஆகவே செய்தவர் முத்திரையைக் கடைசியில் படியுங்கள்.

முதல் கேள்வி: இது பிரித்தானிய வெள்ளியா? ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தில் சோதிக்கப்பட்ட ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அடுத்தது வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்திய சோதனைச்சாலையின் ஊர். சிறுத்தைத் தலை லண்டன். நங்கூரம் பேர்மிங்காம். கிரீடம் ஷெஃபீல்ட். மூன்று கோதுமைக் கட்டுகளும் ஒரு வாளும் செஸ்டர். அந்தச் சோதனைச்சாலை 1962இல் மூடப்பட்டது. மூன்று கோபுரக் கோட்டை எடின்பரோவாக இருக்கலாம், 1883இல் மூடப்பட்ட எக்சீட்டராகவும் இருக்கலாம். பக்கத்தில் முட்பூ இருந்தால் எடின்பரோ. நங்கூரத்தைப் பார்த்தவுடன் கப்பல்காரருடைய பொருள் என்று முடிவுகட்டுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கொழும்பு துறைமுக நகரம், அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் பேர்மிங்காம் கடலிலிருந்து வெகுதூரம். 1773இல் அங்கே சோதனைச்சாலை தொடங்கியபோது ஏற்றுக்கொண்ட ஊர்ச் சின்னம்தான் அது. நம் கைக்கு வரும் சின்னஞ்சிறு பொருள்களில் மிகப் பெரும்பாலானவை நங்கூரம் தாங்கியவை, ஏனென்றால் பக்கிள், டப்பி, பொத்தான், பென்சில் உறை போன்றவற்றை மலைமலையாகச் செய்த நகரம் அது.

பிறகு தலை. அரசர் அல்லது அரசியின் பக்கவாட்டுத் தலை குத்தியிருந்தால் தீர்வை கட்டியாயிற்று என்று பொருள். இந்தக் குறி 1784 முதல் 1890 வரைதான். ஆகவே விக்டோரியாவின் தலை இருந்தால் 1837க்கும் 1890க்கும் இடைப்பட்ட பொருள். சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் வருட எழுத்தைப் படிக்கும்போது இதுதான் காப்பாற்றும். லண்டனில் வருடத்துக்கு ஓர் எழுத்து, இருபது எழுத்துக்கு ஒருமுறை சுற்று மாறும். பேர்மிங்காமில் சுற்று பெரும்பாலும் இருபத்தைந்து. சுற்று மாறும்போது எழுத்தின் பாணியும் அதைச் சுற்றியுள்ள கேடய வடிவமும் மாறும். ஆனால் லண்டனில் 1856இல் தொடங்கிய சுற்றும் 1916இல் தொடங்கிய சுற்றும் இரண்டுமே கோதிக் பாணிச் சிறிய எழுத்துகள். தேய்ந்துபோன சிறிய 'ஏ' ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அரசியின் தலை பக்கத்தில் இருந்தால் 1856. இல்லாவிட்டால் 1916 பக்கம் பாருங்கள். அறுபது வருட வித்தியாசம் ஒரு சிறு தலையில் தீர்ந்துவிடுகிறது. எழுத்து மாறுவது ஜனவரியில் இல்லை. லண்டனில் மே மாதம், பேர்மிங்காமில் ஜூலை. அதனால் 1974 வரை ஓர் எழுத்து இரண்டு நாட்காட்டி வருடங்களைத் தொடும்.

ஊரும் காலமும் கைக்கு வந்தபின் அந்த இரண்டு எழுத்துகளுக்குப் போகலாம். நங்கூரமும் விக்டோரியாவின் தலையும் சேர்ந்து 'என்.எம்.' என்று ஒரு வாசனைச் சிமிழிலோ விசிட்டிங் கார்ட் பெட்டியிலோ இருந்தால் நத்தானியேல் மில்ஸ் பட்டறை. மூடியில் கோட்டைகளையும் தேவாலயங்களையும் புடைத்துச் செய்த அந்தப் பெட்டிகளைச் சேகரிப்போர் இன்றும் தேடுகிறார்கள். கோதுமைக் கட்டோடு 'சி.எச்.' என்று தொப்பி ஊசியிலோ தையல் விரலுறையிலோ கண்டால் ஹலிஃபாக்சின் சார்ல்ஸ் ஹோர்னர். 'எஸ்.எம்.' பக்கத்தில் 'அண்ட் கோ' சேர்ந்து இழுத்து நீட்டும் பென்சிலில் இருந்தால் 1822இல் அந்தப் பென்சிலுக்குக் காப்புரிமை பெற்ற சாம்சன் மோர்டன் தொடங்கிய கம்பனி. சாய்வெழுத்தில் 'எச்.பி.' என்றால் ஹெஸ்டர் பேட்மன் என்று மனம் துள்ளும். 1761இல் தன் முத்திரையைப் பதிவு செய்த அந்த விதவையின் பெயருக்கு இருக்கும் மதிப்பினாலேயே போலிகளும் உண்டு, ஆகவே அங்கே இரண்டு மடங்கு கவனம் வேண்டும். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி இருக்கிறதா, சுற்றியுள்ள கட்டம் நீள்சதுரமா, முட்டை வடிவமா, மூலை வெட்டியதா என்பதையும் வரைந்து வையுங்கள். இலவச இணையத் தரவுத்தளங்களில் பெயரை உறுதிப்படுத்துவது இந்தக் கட்டத்தின் வடிவம்தான்.

இந்த முத்திரை பொருளைச் செய்த கையைக் காட்டுகிறது என்று நினைக்கக்கூடாது. சோதனைச்சாலைக்குப் பொருளை அனுப்பியவர் தன் முத்திரையைக் குத்தினார். அவர் பட்டறைச் சொந்தக்காரராகவோ பெரிய கடைக்காரராகவோ இருக்கலாம். 1773க்கு முந்திய லண்டன் பதிவேடுகள் சில தொலைந்தும் போயிருக்கின்றன. ஆகவே சில பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்துகளுக்கு எவ்வளவு தேடினாலும் உறுதியான பெயர் கிடைக்காது.

சிங்கம் இல்லாவிட்டால் பதறவேண்டாம். மிக எடை குறைந்த பொருள்களுக்கு முழு வரிசையும் குத்தப்படாமல் விடப்பட்டதுண்டு. மணிக்கூட்டுச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் பாருங்கள், தனித்தனியாகச் சிங்கம் இருக்கும். இரண்டு மூன்று கண்ணிகளில் மட்டும் இல்லையென்றால் பிற்காலத்தில் ஒட்டியது. டப்பியின் மூடியும் உடலும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்றும் பாருங்கள்.

'இ.பி.என்.எஸ்.' என்ற நான்கு எழுத்துகள் நான்கு அழகான கேடயங்களுக்குள் இருந்தால் அது மின்முலாம் பூசிய நிக்கல் கலவை. 1840இல் எல்கிங்டன் காப்புரிமை பெற்ற பிறகு பெருகிய வகை. நாம் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் உலோகம்தான் அடியில்; அதில் வெள்ளி கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் ஹால்மார்க் (சோதனைச்சாலை முத்திரை) வரிசை போலவே இருக்கும்.

கொழும்பின் அலுமாரிகளில் பிரித்தானிய வெள்ளி மட்டும் இல்லை. 'சயாம் ஸ்டெர்லிங்' என்று குத்திய, கறுப்புப் பின்னணியில் நடனமாடும் தேவதைகள் உள்ள புரோச்சுகளும் கஃப்லிங்சும் தாய்லாந்திலிருந்து வந்த இருபதாம் நூற்றாண்டுப் பொருள்கள். '90' என்ற எண்ணோடு சீன எழுத்தும் இருந்தால் சீன ஏற்றுமதி வெள்ளி. பி. ஓர் அண்ட் சன்ஸ் என்று முழுப் பெயர் இருந்தால் சென்னை மவுண்ட் ரோட்டுக் கடை. சுவாமி உருவங்கள் புடைத்த வெள்ளிக்குப் பெயர் போனது. இந்தியாவில் அக்காலத்தில் பிரித்தானியாவிலிருந்த மாதிரி சட்டப்படியான சோதனைச்சாலை முறை இல்லை, அதனால் கடையின் பெயர்தான் உத்தரவாதம்.

ஒல்லாந்த வெள்ளி என்று சொல்லி விற்கப்படுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பறங்கியர் குடும்பங்களிலிருந்து வந்தது, ஒல்லாந்தர் ஆட்சிக்காலம் என்று கதை சேர்ந்தே வரும். பொருளில் சின்ன வாள் குறியிருந்தால் அது நெதர்லாந்து வெள்ளிதான். ஆனால் வாள் குறி 1814இல்தான் நடைமுறைக்கு வந்தது. கொழும்பை ஒல்லாந்தர் பிரித்தானியரிடம் இழந்தது 1796இல். ஆகவே அந்தப் பொருள் இங்கே ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் செய்யப்பட்டிருக்க முடியாது. குடும்பக் கதையை மதிக்கிறேன், ஆனால் விலை பேசும்போது குறியைத்தான் நம்புவேன்.

செட்டியார் தெரு

புறக்கோட்டைப் பக்கம் செட்டியார் தெருவில் காட்டுவதுதான் பெரும்பாலோரின் முதல் எண்ணம். அங்கே பத்தர்மாரின் (பொற்கொல்லர்) கண்ணுக்கு நான் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறேன். பொடி வைத்து இணைத்த இடம் எது, பின்னால் பற்றவைத்தது எது, முலாமா முழு வெள்ளியா என்பதைப் பல நேரம் கையில் வாங்கியவுடனேயே சொல்லிவிடுவார்கள். பழுதுபார்க்க முடியுமா என்று கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. இதற்குப் பெரும்பாலும் காசும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் அந்தத் தெரு தங்கத்தின் தெரு. அங்கே வெள்ளிக்கு எடையும் தூய்மையும்தான் கணக்கு. பேர்மிங்காம் நங்கூரத்துக்கு அங்கே தனி விலை இல்லை. இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆபத்து ஒன்று உண்டு: உரைகல்லில் உரசுவது, அரத்தால் கீறி அமிலம் விடுவது. குறிக்குப் பக்கத்தில் ஒரு கீறல் விழுந்தாலே சேகரிப்பவர் முகம் சுளிப்பார். "அண்ணை, உரசாமல் பார்த்துச் சொல்லுங்கோ, இது விக்கிறதுக்கில்லை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்பார்கள். கட்டாயம் சோதிக்கவேண்டுமென்றால் வெளியே தெரியாத உள்விளிம்பைக் காட்டுங்கள்.

ஆய்வுகூடம்

உலோகத்தின் தூய்மையை எழுத்தில் வேண்டுமானால் ஆய்வுகூடம்தான். நாட்டில் இந்தத் துறையை ஒழுங்குபடுத்துவது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. போகுமுன் பழைய வெள்ளிப் பொருளைச் சோதனைக்கு எடுப்பார்களா, எந்த முறை, என்ன கட்டணம் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்கதிர் முறை என்றால் பொருளுக்குச் சேதமில்லை.

அதே முறையின் குறை, மேற்பரப்பை மட்டும் படிப்பது. தடித்த முலாம் நல்ல வெள்ளி போலக் காட்டும். பழைய வெள்ளியில் மேல்தோலில் செம்பு குறைந்து வெள்ளி கூடியிருக்கும், ஆகவே எண் உண்மையைவிடச் சற்று உயர்ந்து வரலாம். தேய்ந்த விளிம்பில் ஒரு வாசிப்பும் தட்டையான இடத்தில் ஒரு வாசிப்பும் எடுக்கச் சொன்னால் முலாம் பிடிபட்டுவிடும்.

செய்தவர் யார் என்று ஆய்வுகூடம் சொல்லாது. ஆனால் மறைமுகமாக உதவும். சிங்கம் தெளிவாக இருக்கிறது, வாசிப்போ 800ஐச் சுற்றி நிற்கிறது என்றால் அந்தச் சிங்கத்தைச் சந்தேகிக்கவேண்டும். ஆங்கிலக் குறிகளைப் பார்த்துக் குத்திய போலி வரிசைகள் சீன ஏற்றுமதி வெள்ளியில் தாராளமாக உண்டு. சரி, அதனால் அது மட்டமான பொருள் ஆகிவிடாது. அந்தச் சீன வெள்ளிக்கும் இன்று தனியாக ஆர்வலர் இருக்கிறார்கள்.

முத்திரையே இல்லாவிட்டால்

வெற்றிலைப் பெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், தண்டை, அரைஞாண், கண்டி வேலைப்பாட்டு டப்பி. நம் நாட்டுப் பத்தரும் கண்டிக் கைவினைஞரும் செய்தவற்றில் பெரும்பாலும் முத்திரை இருக்காது. செய்தவரை வாங்கியவருக்கு நேரில் தெரிந்திருந்தது. குறி குத்தவேண்டிய தேவை எழவில்லை. இங்கே லூப் பயன்படாது. வேலைப்பாட்டைத்தான் படிக்கவேண்டும். 1877இல் தொடங்கிய கொழும்பு தேசிய நூதனசாலையின் காட்சிப்பெட்டிகளுக்கு முன்னால் உங்கள் பொருளின் படத்தை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுதைச் செலவிடுங்கள். கொடி வேலை, அன்னம், விளிம்பின் முறுக்குக் கம்பி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் எந்த மரபு என்பது தெளியத் தொடங்கும். விலை மதிப்பீட்டை அங்கே எதிர்பார்க்கவேண்டாம்.

முத்திரை இல்லாத பொருளை எடைக்குப் போடுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம். நங்கூரம் உள்ள பக்கிளைப் போல ஆயிரக்கணக்கில் உலகெங்கும் இருக்கின்றன. ஒரு யாழ்ப்பாணத்துப் பத்தர் ஒரு குடும்பத்துக்காகச் செய்த கரண்டகத்துக்கு இரண்டாவது கிடையாது.

லண்டன்

லண்டனில் பெரியம்மாவின் மகன் இருக்கிறான், அடுத்தமுறை வரும்போது கொடுத்துவிடலாம் என்ற யோசனை பல குடும்பங்களில் எழும். பெயர் தெரிந்த பிரித்தானியப் பொருளுக்குச் சரியான சந்தை அங்கேதான், அதை மறுக்கமுடியாது. சிறிய வெள்ளி அணிபொருள்களை மட்டும் விற்கும் வியாபாரிகளும் ஏலங்களும் அங்கே உண்டு. 1950க்கு முன் செய்த வெள்ளி, தூய்மை போதுமானதாக இருந்தால், ஹால்மார்க் இல்லாமலும் அங்கே வெள்ளி என்ற பெயரில் விற்கச் சட்டம் இடம் தருகிறது.

ஆனால் படம் முதலில் போகட்டும், பொருள் இங்கேயே இருக்கட்டும். ஏல நிறுவனங்கள் பல படத்தைப் பார்த்து இலவசமாக உத்தேச மதிப்புச் சொல்கின்றன. குறிகளின் நெருங்கிய படம், முழுப் பொருளின் முன்னும் பின்னும், கிராமில் எடை, அளவுகோல் பக்கத்தில் வைத்து ஒரு படம்; நீங்கள் படித்த ஊரையும் வருடத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். "இது என்ன?" என்று கேட்பவருக்கும் "பேர்மிங்காம், 1840களின் நத்தானியேல் மில்ஸ் என்று படிக்கிறேன், சரியா?" என்று கேட்பவருக்கும் வரும் பதில் ஒரே மாதிரி இருக்காது. அவர்கள் விற்பனைத் தரகில் வாழ்பவர்கள் என்பதும் நினைவிருக்கட்டும். மதிப்புக் குறைந்த சின்னப் பொருளைத் தனியாக எடுக்கமாட்டார்கள், பத்தோடு சேர்த்து ஒரு தொகுதியாகப் போடுவார்கள். அப்படியான பொருளுக்குப் பயணமும் தரகும் போனபின் மிஞ்சுவது மிகக் குறைவு.

அப்புறம் சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பண்பாட்டுச் சொத்தை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. பெரியம்மா மகனின் கைப்பையில் போட்டு அனுப்பும் கரண்டகத்துக்கும் இது பொருந்தலாம். ஆகவே நூதனசாலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தொல்பொருள் திணைக்களத்தில் முதலில் விசாரித்து, அனுமதி தேவை என்றால் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வருட எழுத்தைச் சரியாகப் படித்திருப்பது இங்கேயும் உதவும்: 1900ஆம் ஆண்டுப் பேர்மிங்காம் பக்கிள் என்று காட்ட முடிந்தால் பேச்சு சுலபம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பொருளைப் பொறுத்துத்தான் சொல்லமுடியும். முலாம் என்று நான்கு எழுத்து சொல்லிவிட்டால் வேறெங்கும் அலையவேண்டாம், பிடித்திருந்தால் பாவியுங்கள். சிங்கத்தையும் ஊரையும் வருடத்தையும் படிக்க முடிந்து, செய்தவர் பெயர் பிரபலமில்லாதது என்றால் வீட்டுப் படிப்பே போதும். பங்கிடும்போது அந்தக் குறிப்பைத் தாளில் எழுதிப் பொருளோடு வையுங்கள். பெயர் சேகரிப்பவர் தேடும் பெயராக இருந்தால் படத்தை லண்டனுக்கு அனுப்புங்கள், அதுவும் ஓர் இடத்துக்கு மட்டும் அனுப்பாமல் இரண்டு மூன்று இடங்களுக்கு. குறியும் உலோகமும் ஒத்துப்போகாத மாதிரித் தெரிந்தால் ஆய்வுகூடக் கட்டணம் வீண்போகாது. குறியே இல்லாத உள்ளூர் வேலை என்றால் நூதனசாலை, பிறகு பழுதுக்கு மட்டும் செட்டியார் தெரு.

பணம் அவசரமாகத் தேவைப்படும் வீடுகளும் உண்டு. அப்போது டின்னில் உள்ள எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுபோகாமல், உடைந்த சங்கிலித் துண்டுகளையும் வேலைப்பாடில்லாத நெளிந்த கரண்டிகளையும் முதலில் எடைக்குக் கொடுங்கள். மற்றவற்றை ஓரிரு கிழமை தாமதப்படுத்தினால் அதற்குள் லண்டனிலிருந்து மின்னஞ்சலில் பதில் வந்துவிடக்கூடும்.